சென்டர் அண்ணன்

தஞ்சாவூர்ப் பக்கம் எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இவர் இருப்பார். ஜெராக்ஸ், லேமினேஷன், பட்டா சிட்டா, பயிர்க் காப்பீடு என்று பலகையில் வரிசையாக எழுதியிருக்கும். அதில் எழுதாமல் விட்ட தொழில்தான் அவருக்கு உயிர்: ஸ்க்ரீன்சேவருக்கு அலங்காரம் பண்ணுவது.

கடையில் இருப்பது பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு 2011இல் கொடுக்கத் தொடங்கினதே, அந்த ரக விலையில்லா லேப்டாப். பேட்டரி செத்து வருஷமாச்சு. அதில் லினக்ஸ் ஏற்றி, எக்ஸ்ஸ்க்ரீன்சேவரைப் போட்டிருக்கிறார். ஜேமி ஜவின்ஸ்கி என்ற அமெரிக்கர் 1992இல் வெளியிட்டது. இன்றைக்கு அதில் இருநூறுக்கு மேல் ஆட்டங்கள். அண்ணனுக்குப் பிடித்தது ‘ரோர்ஷாக்’. ஒரு புள்ளி குடிகாரன் மாதிரி கண்டபடி அலையும். அலைந்த தடத்தை அப்படியே மறுபக்கமும் பிரதி எடுத்தால் மைக்கறை போல ஓர் உருவம். செட்டிங்ஸில் இடவலம் ஒத்துப்போக ஒரு கட்டம், மேல்கீழ் ஒத்துப்போக ஒரு கட்டம். இரண்டிலும் டிக் அடித்துவிட்டு, கடைக்கு வெளியே போய் நின்று கண்ணாடி வழியாகப் பார்ப்பார். உள்ளே வந்து ஒரு கட்டத்தில் டிக்கை எடுப்பார். மறுபடி வெளியே.

காத்திருப்பு நேரத்தை ஒரே நிமிஷமாக வைத்திருக்கிறார். சிட்டா எடுக்க வந்தவர் சர்வே நம்பரைத் தேடி மஞ்சப்பையைத் துழாவுவதற்குள் திரை கறுத்து, ஊதாவில் ஒன்று முளைக்கும். அண்ணன் மௌஸைத் தொடமாட்டார்.

“செத்த இருங்க மாமா, இது முடியட்டும்.”

முடிவதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும்.

ஸ்க்ரீன்சேவர் வந்ததே பழைய குண்டு மானிட்டரில் ஒரே படம் நெடுநேரம் நின்று தழும்பு விழாமல் இருக்கத்தான். இப்போதைய திரைக்கு அது தேவையில்லை என்று யாராவது சொன்னால் கோபமே வராது. “சம்பா அறுப்புக்கு முன்னாடி ஈரத்துல உளுந்து தெளிக்கிறோமே, அந்த மாதிரின்னு வச்சுக்கங்க. சும்மா கெடக்குற எடத்துல ஏதாச்சும் வெளையட்டும்” என்பார்.

அவரை மடக்குகிறவர்கள் பெண்கள்தான். மார்கழியில் பதினைந்து புள்ளி, எட்டு வரை இடைப்புள்ளி வைத்துக் கம்பி அறுபடாமல் சிக்குக்கோலம் இழுத்த கை, முதியோர் உதவித்தொகைக்கு மனுப் போட வந்து நிற்கும்.

“ஏந்தம்பி, புள்ளியே காணும்?”

“இதுக்குப் புள்ளி வேணாம் ஆத்தா. பாதியத்தான் மிசினு போடும். மீதி அதுவே காப்பி எடுத்துக்கும்.”

“அப்ப பாதிக்கோலந்தான் தெரியும்னு சொல்லு.”

அண்ணன் அன்றைக்கு வேறு ஆட்டத்துக்கு மாறிவிடுவார். ஆத்தா பேச்சு லேசானதல்ல. கோலத்துக்குள் இருக்கும் இலக்கணத்தைக் கணினியியலுக்குள் கொண்டுவந்து, சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974இலேயே ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டார்கள். எக்ஸ்ஸ்க்ரீன்சேவர் பிறக்கப் பதினெட்டு வருஷம் முன்பு!

ஒன்று சொல்லியாக வேண்டும். அண்ணன் ஏமாற்றுக்காரர் அல்ல. பிரிண்டுக்குக் கூடுதலாகக் கேட்டதில்லை, காசில்லாதவரைத் திருப்பி அனுப்பியதும் இல்லை. ஆகவே பயிர்க் காப்பீட்டுக்குத் தாராளமாக அவரிடமே போங்கள். கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்னதாகப் போங்கள். அவர் வெளியே போய்க் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது, மௌஸை நீங்களே லேசாக அசைத்துவிடுங்கள்.