கப்பித் தொட்டியில் உபரியும் உறவும்: ஓர் ஆய்வு

கப்பி மீனைப் பற்றி உலகம் எழுதிக் குவித்ததில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதன் வாலின் நிறம், புள்ளிகளின் மரபியல், பெண் மீன் ஆண் மீனைத் தேர்ந்தெடுக்கும் விதம் எல்லாவற்றையும் ஆராய்ந்துவிட்டார்கள். இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தார் அதற்கு எண்ணத் தெரியுமா என்றுகூடச் சோதித்திருக்கிறார்கள். 1976-இல் சோவியத் யூனியன் அதைச் சல்யூட் 5 விண்நிலையத்துக்கே ஏற்றிக்கொண்டு போனது. ஆனால் வீட்டில் தொட்டி வைத்திருக்கும் எவரும் நாலாவது மாதத்தில் கேட்கிற கேள்வியை இதுவரை எந்தக் கல்விக்கூடமும் தொடவில்லை: இத்தனை குட்டியையும் யார் தலையில் கட்டுவது?

இக்குறையைக் களைய முற்படுகிறது இந்த ஆய்வு. கருதுகோள் இது: கப்பி நீர்வழியே பரவும் உயிரினம் அன்று, உறவுவழியே பரவும் உயிரினம். ஆறு, ஓடை, வெள்ளம் எல்லாம் அதற்குத் துணைக் காரணங்கள். முதற்காரணம், "நாலு மீன் எடுத்துட்டுப் போங்களேன்" என்று வாசல்வரை வந்து வற்புறுத்தும் மனிதர்.

வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. 1859-இல் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் வெனிசுவேலாவிலிருந்து வந்த மாதிரிகளை வைத்து இந்த மீனை முதலில் விவரித்தார். இரண்டு ஆண்டு கழித்து டி ஃபிலிப்பி என்ற இத்தாலியர் பார்படோஸ் மீனை வைத்து, அதைப் புது மீன் என்று எண்ணி இன்னொரு பெயர் சூட்டினார். பிறகு டிரினிடாடில் இருந்த ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பவர் சில மீன்களை லண்டனில் உள்ள பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பிவைக்க, ஆல்பர்ட் குந்தர் 1866-இல் அவர் பெயரையே மீனுக்கு வைத்தார். குந்தர் வைத்த அறிவியல் பெயர் நிற்கவில்லை, பீட்டர்ஸ் முந்திவிட்டார். இருந்தும் ஊர் வாயில் இன்றுவரை நிற்பது எந்தப் பெயர்? முதலில் விவரித்தவர் பெயர் அல்ல, கொடுத்தனுப்பியவர் பெயர். இந்த மீனுக்கு எது முக்கியம் என்பதை உலகம் அப்போதே உணர்ந்துவிட்டது.

களம்

ஆய்வுக் களம் சென்னையின் வீட்டுத் தொட்டி. அதிலும் குறிப்பாகச் செலவும் கருவியும் குறைந்த செடித் தொட்டி. பம்ப் கிடையாது, ஃபில்டர் கிடையாது, கரியமில வாயு சிலிண்டர் கிடையாது. அடியில் உரம் கலக்காத செம்மண் ஓர் அங்குலம், அதன்மேல் கழுவிய மணல் ஓர் அங்குலம். கொளத்தூர்க் கடைகளில் கட்டுக்கட்டாக விற்கும் வேலம்பாசி, வாலிஸ்னேரியா, ஒரு பிடி ஜாவா மாஸ். ஜன்னலோர வெளிச்சம், போதாவிட்டால் ஒரு எல்.இ.டி. விளக்கு.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். பக்கெட்டில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தோ, கடையில் விற்கும் சொட்டு மருந்தைவிட்டோதான் ஊற்ற வேண்டும். ஆனால் பருப்பு வேகவிடாமல், குழாய் வாயில் வெள்ளை படியவைத்து, குடும்பத் தலைவியின் சாபத்தை அன்றாடம் வாங்கிக்கொள்ளும் போர்த் தண்ணீர் இருக்கிறதே, அது கப்பிக்கு ஏற்றது. கடினத்தன்மையும் லேசான காரத்தன்மையும் உள்ள நீரில்தான் அது செழிக்கும். மனிதருக்கு ஆகாத தண்ணீரில் ஒரு ஜீவன் இவ்வளவு குதூகலமாக இருப்பது நகரத் திட்டமிடுவோர் கவனத்துக்குரியது.

இத்தகைய தொட்டியின் தத்துவத்தை விரித்து அமெரிக்காவின் டயானா வால்ஸ்டட் 1999-இல் ஒரு புத்தகமே எழுதினார். சாரம் இதுதான்: மீன் செவுள்வழியே வெளியேற்றும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. வழக்கமான தொட்டியில் அதை ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். செடி அடர்ந்த தொட்டியில் அந்த அம்மோனியாவைச் செடியே நேரடியாக உண்டுவிடும். நைட்ரேட்டைவிட அம்மோனியாவைத்தான் நீர்ச்செடிகள் விரும்புகின்றன. நடுப்பகலில் சில மணிநேரம் விளக்கை அணைத்துவைத்தால், செடிகள் காலையில் தீர்த்துவிட்ட கரியமில வாயு மீண்டும் நீரில் சேர்ந்துகொள்ளும் என்பதும் அவர் சொன்னதே. பகல் தூக்கத்துக்கு இதைவிட நல்ல அறிவியல் ஆதாரம் இந்த ஆய்வாளர் கண்ணில் படவில்லை.

அறிஞர்கள் இம்முறையை இயற்கைச் சமநிலை என்று புகழ்வர். இக்கட்டுரை அதைச் சோம்பல் என்றே வகைப்படுத்துகிறது. இகழ்ச்சி இல்லை, ஆய்வின் அடுத்த படி முழுக்க இந்தச் சோம்பலின் மேல்தான் நிற்கிறது. செடியைப் புல்தரைபோல் கத்தரித்து, அடிமணலைத் துடைத்துவைப்பவர் தொட்டியில் பிறக்கும் குட்டிக்கு ஒளிய இடமில்லை. பெற்ற தாயே திரும்பி வந்து விழுங்கிவிடும். கப்பிக்குப் பிள்ளைப் பாசம் கிடையாது, பசிதான் உண்டு. கத்தரிக்க மறந்தவர் தொட்டியிலோ பாசிக்குள் புகுந்த குட்டி பிழைத்துவிடுகிறது. ஆக, தொட்டியில் மீன் பெருகுவது வளர்ப்பவரின் திறமையால் அல்ல, கத்தரிக்கோலை எங்கே வைத்தோம் என்று தெரியாததால்.

பெருக்கம்

கப்பி முட்டையிடாமல் குட்டி போடும். சினை ஏறத்தாழ நான்கு வாரம். ஓர் ஈற்றுக்குச் சில குட்டிகளும் உண்டு, நூறும் உண்டு. கணக்குக்கு முப்பது என்று வைப்போம். இன்று ஒரு தாய் முப்பது போடுகிறது, பாதி பெண். அவை மூன்று மாதத்தில் வயதுக்கு வந்து, நாலாம் மாதம் ஆளுக்கு முப்பது. இதற்கிடையில் தாய் மாதந்தோறும் தன் கடமையை நிறுத்தவில்லை. நாலாம் மாத முடிவில் தாயின் ஐந்து ஈற்று 150, பேரக்குட்டிகள் 450, தாய் ஒன்று, ஆக 601. இளம் தாய்களின் முதல் ஈற்றில் குட்டி குறைவாக இருக்கும் என்பதும், எத்தனையோ குட்டி வயிற்றுக்குள் போய்விடும் என்பதும் ஆய்வாளருக்குத் தெரியும். கணக்கு முழுசாக வரட்டும் என்று தெரியாததுபோல் இருக்கிறார். பார்படோஸ்காரர்கள் இந்த மீனுக்கு 'மில்லியன்ஸ்' என்று பெயர் வைத்தவர்கள். அவர்களும் இப்படித்தான் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

"ஆணைத் தனியாகப் பிரித்துவிட்டால் தீர்ந்தது" என்பார் ஒரு சாரார். தீராது. என்னை? எனின், பெண் கப்பி ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தை மாதக்கணக்கில் தன்னுள் சேமித்துவைக்க வல்லது. ஆண் போன பிறகும் ஈற்றுமேல் ஈற்றாகக் குட்டி வரும். வயிற்றடியில் கருப்புப் புள்ளி தெரியும் பெண் மீன் ஒன்றைக் கடையில் வாங்கி வருபவர் ஒரு மீனுக்குத்தான் காசு கொடுத்ததாக நினைக்கிறார்.

விநியோகம்

உபரியைப் பெறுவோர் மூவகையர். முதல் வகை, கேட்டு வாங்குவோர். பெரும்பாலும் பத்து வயதுக்கு உட்பட்டவர்கள், பெற்றோர் பின்னால் நின்று தலையாட்டி மறுப்பதைப் பார்க்க மாட்டார்கள். இரண்டாம் வகை, மறுக்கத் தெரியாதோர். புது மருமகன், வாடகைக்குக் குடிவந்தவர், கடன் கேட்க வந்தவர். மூன்றாம் வகை, ஏற்கெனவே ஒருமுறை வாங்கியோர். இவர்களைக் களத்தில் காண்பது அரிது.

பாலிதீன் கவரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று, மேலே ரப்பர் பேண்ட் என்பது கடைக்காரர் முறை. வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில். இங்கே ஆய்வாளர் ஒரு நுட்பமான சமூகக் காரணியைக் கவனப்படுத்த விரும்புகிறார். நம் வீடுகளில் பிறர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது வழக்கமில்லை. எதையாவது போட்டுத்தான் தர வேண்டும். அத்தை வீட்டுக்குப் போன பாட்டில் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும்போது அதற்குள் என்ன இருக்கும் என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

இனி இந்த ஆய்வின் கண்டுபிடிப்புக்கு வருவோம். அதற்கு டிரினிடாட் போக வேண்டும். அங்குள்ள மலையோடைகளில் அருவிக்குக் கீழே கப்பியைத் தின்னும் பெரிய மீன்கள் இருக்கின்றன. கிரெனிசிக்லா அவற்றில் முதன்மையானது. அருவிக்கு மேலே அது ஏறாது. மேலே ரிவ்யுலஸ் என்ற சிறு மீன்தான், அதுவும் பெரும்பாலும் குட்டிகளைத்தான் பிடிக்கும். ஜான் எண்ட்லர் 1980-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வேற்றுமையின் பலனைக் காட்டியது. கிரெனிசிக்லா இருக்கும் இடத்தில் ஆண் கப்பிகளின் புள்ளிகள் குறைந்து சிறுத்தன, ஏனென்றால் பளிச்சென்று இருப்பவன்தான் முதலில் வாய்க்குள் போகிறான். ஆபத்து குறைந்த ஓடைக்கு மாற்றிய கப்பிகளோ இரண்டே ஆண்டுகளில் வண்ணம் கூடிவிட்டன.

இப்போது தொட்டி முன்னால் விருந்தாளி வந்து நிற்கிறார். "உங்களுக்குப் பிடிச்சதை எடுத்துக்குங்க" என்கிறோம். அவர் கண்ணாடியில் விரலை வைத்து, "அந்தச் சிவப்பு வாலு இருக்கே, அது" என்கிறார். நிறமற்றதைக் காட்டி இது வேண்டும் என்று கேட்ட விருந்தாளி வரலாற்றில் இல்லை. அழகான ஆண் கவருக்குள் போகிறது, மங்கலானவன் தொட்டியில் இருந்து வம்சம் வளர்க்கிறான். ஆக, உயிரியல் நோக்கில் விருந்தாளி என்பவர் கிரெனிசிக்லாவே. இந்த முடிவை எந்த விருந்தாளியிடமும் நேரில் சொல்ல வேண்டியதில்லை.

இது உடனே கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் கொடுமை. 1920-இல் யோஹான்னஸ் ஷ்மிட் என்ற டேனிஷ் அறிஞர், விலாங்கின் பிறப்பிடத்தைத் தேடிக் கடல் கடலாக அலைந்தவர், கப்பியின் ஒரு புள்ளி தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது என்று காட்டினார். சிவப்பு வாலன் அத்தை வீட்டுக்குப் போன பிறகும், அவன் விட்டுச்சென்ற சேமிப்பிலிருந்து சில ஈற்று மகன்கள் அவன் சாயலோடு வருவார்கள். வீட்டுக்காரர் ஒன்றும் குறையவில்லை என்று நம்பி, அந்த மகன்களையும் வருவோருக்கு எடுத்துக் கொடுப்பார். ஒரு நாள் பார்த்தால் தொட்டி முழுக்கச் சாக்கடையில் நீந்தும் நிறத்தில் மீன்.

இதில் இன்னொரு சிக்கல். லீ டுகாட்கின் 1992-இல் காட்டியபடி, பெண் கப்பி தான் முன்பு ஒதுக்கிய ஆணையே, இன்னொரு பெண் அவன் அருகில் நிற்பதைக் கண்ட பிறகு விரும்பத் தொடங்கும். விருந்தாளிகளும் இவ்வாறே. சித்தி ஒரு மீனைக் காட்டியதும், அதுவரை தொட்டிப் பக்கமே திரும்பாத பெரியம்மாவுக்கும் அதே மீன் வேண்டும்.

எண்ணிக்கையாவது குறைகிறதா? டேவிட் ரெஸ்னிக்கும் உடனாய்வாளர்களும் 1990-இல் வெளியிட்ட ஆய்வைப் பார்ப்போம். கீழருவிக் கப்பிகள், அதாவது வளர்ந்த மீனுக்கு ஆபத்து உள்ள இடத்துக் கப்பிகள், சீக்கிரம் வயதுக்கு வந்து, நிறைய, சிறிய குட்டிகளாகப் போடுகின்றன. அவற்றை ஆபத்து குறைந்த ஓடைக்கு மாற்றி 11 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, 30 முதல் 60 தலைமுறைகளுக்குள், தாமதமாக வயதுக்கு வந்து குறைவாகப் போடும் மீன்களாக மாறியிருந்தன. இதைத் திருப்பிப் படித்தால் குலை நடுங்குகிறது. வளர்ந்த மீனாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தால், வளரும் தலைமுறைகள் இன்னும் சீக்கிரம், இன்னும் அதிகமாகக் குட்டி போடும். உபரியைக் குறைக்கக் கொடுக்கிறோம். கொடுப்பதால் உபரி கூடுகிறது. உறவினர் அதிகம் வந்து போகும் வீட்டைக் கீழருவி வீடு என்றும், யாரும் எட்டிப் பார்க்காத வீட்டை மேலருவி வீடு என்றும் இனி வழங்கலாம். நல்ல வண்ணக் கப்பி வேண்டுவோர் மேலருவி வீட்டில் பெண் எடுக்கட்டும்.

மாற்று வழிகள்

கடையில் விற்கலாமே என்பர். கொளத்தூரில் காசு பார்ப்பது இனம் கலக்காத மீன்தான்: முழுச் சிவப்பு, டக்சீடோ, கோப்ரா, மாஸ்கோ. கலந்துபோனது பெரிய மீனுக்குத் தீனியாகத்தான் போகும். தொட்டியிலேயே ஒரு ஏஞ்சல் மீனை விட்டுக் குட்டிகளைத் தின்னவைக்கலாம். ஆனால் சாப்பாட்டு வேளையில் தொட்டிக்கு எதிரில் உட்காரக் குடும்பத்தில் யாரும் வர மாட்டார்கள். ஏரியிலோ குளத்திலோ விடுவது கூடவே கூடாது. இது வேடிக்கை இல்லை. கொசுப்புழுவை ஒழிக்கவென்று சுகாதாரத் துறையினர் கிணறுகளிலும் தொட்டிகளிலும் கப்பி விடுவது உண்டு. அது அடைபட்ட நீர். திறந்த நீர்நிலையில் விட்டால், அங்கே காலங்காலமாக இருக்கும் நம் சிறு மீன்களின் இரையையும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும். உலகின் பல நாடுகளில் அப்படித்தான் ஆகியிருக்கிறது.

எஞ்சுவது ஆண் மீன் மட்டும் உள்ள தொட்டி. வண்ணம் இருக்கும், குட்டி இருக்காது. குட்டிகளை நாலாவது வாரத்துக்குள் பிரித்துவிட வேண்டும். ஆணுக்கு அடித்துடுப்பு கூர்ந்து குச்சிபோல் ஆகத் தொடங்கும், பெண்ணுக்கு விசிறிபோலவே இருக்கும். பிரித்தெடுத்த பெண்களை என்ன செய்வது என்பது மேலாய்வுக்கு உரியது.

சுயநல அறிவிப்பு: இக்கட்டுரையின் முடிவுகளால் ஆய்வாளருக்கு ஆதாயம் உண்டு.

தரவுகள்: இவ்வாய்வுக்குப் பயன்பட்ட தரவுகள் அனைத்தும் உயிருடன் உள்ளன. கேட்போருக்கு இலவசமாக வழங்கப்படும். மூடியுள்ள பாட்டில் கொண்டுவர வேண்டும். ஜோடியாக மட்டுமே தரப்படும். திருப்பி எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது.