சொல்லெண்ணியார்

ஏற்காட்டில் கோயில் திருவிழாவுக்கோ பள்ளி ஆண்டு விழாவுக்கோ மலர் வெளியிடப்படும்போதெல்லாம் அதன் தொகுப்பாசிரியராக அமர்ந்துவிடும் சொல்லெண்ணியார், கட்டுரை எதைப் பற்றியது என்று கேட்பதற்கு முன்பே அது எத்தனை சொல் என்று கேட்பவர். அவருடைய குரங்குக் குல்லாயும் மூக்குப்பொடியும் இங்கு ஆராய்ச்சிக்குரியவை அல்ல.

அவர் விதிக்கும் எல்லை 500 சொல். சொற்செயலி, அதாவது கணினியில் தட்டச்சு செய்து திருத்தப் பயன்படும் மென்பொருள், இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே கிடப்பது எதுவாயினும் அதைச் சொல் என்று கொள்ளுமேயன்றிப் பெயர், வினை, இடை, உரி என்னும் பாகுபாட்டை அறியாது. இருபுறமும் இடம் விட்டு ஒரு சிறு கோடு இட்டால், வேர்டு என்னும் சொற்செயலி அக்கோட்டையும் சொல்லாகவே கணக்கில் ஏற்றிவிடும். தமிழிலோ சேர்த்தெழுதுவதும் பிரித்தெழுதுவதும் பெரும்பாலும் எழுதுபவரின் விருப்பமாகிவிட்டமையால், சேலத்திலிருந்து மலையேறும் சாலையிலுள்ள 'கொண்டை ஊசி வளைவு' மூன்று சொல்லாகவும், 'கொண்டையூசி வளைவு' இரண்டாகவும், 'கொண்டையூசிவளைவு' ஒன்றாகவும் எண்ணப்படும். அச்சாலையில் இத்தகைய வளைவுகள் 20 இருப்பதால், ஒவ்வொன்றையும் தனித்தனியே வருணித்த கட்டுரையொன்றில் இடைவெளிகளை மட்டும் நீக்கி 40 சொற்களை மிச்சம் பிடித்த செய்தியை அவர் இன்றும் கண் பனிக்கச் சொல்வார். அவ்வாறு சுருக்கப்பட்ட கட்டுரையில் ஓரெழுத்தும் குறைவதில்லை, பக்கமும் குறைவதில்லை. உரக்கப் படிப்பவரின் மூச்சு மட்டும் குறையும்.

எழுத்தை எண்ணத் தொடங்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். 'ஏற்காடு' என்பது தமிழறிந்தவர்க்கு நான்கு எழுத்து. ஒருங்குறி, அதாவது உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் எண் வழங்கும் முறை, புள்ளியையும் காலையும் உகரக் குறியையும் தனித்தனியே வைத்திருப்பதால், குறியீடுகளை எண்ணும் மென்பொருளுக்கு அதே ஊர் ஏழு. மிகுந்த மூன்றும் எங்கிருந்து வந்தன என்று ஏரிக்கரையில் ஒரு மாலை முழுவதும் அவர் விசாரணை நடத்தக்கூடும்.

எண்ணுவது தமிழுக்குப் புதிதன்று என்பது அவருடைய கட்சி. கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி 16 எழுத்தும் நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்தும் வரவேண்டும் என்பதையும், திருவாய்மொழி உரைகளுக்கு ஆறாயிரப்படி, ஈடு முப்பத்தாறாயிரப்படி என்று அளவே பெயராக நின்றதையும் அவர் எடுத்துக்காட்டுவார். படி என்பது 32 எழுத்துக் கொண்ட அளவு. முப்பத்தாறாயிரம் படிக்கு இடம் கொடுத்த மரபு அது என்பதை மட்டும் அவர் கவனிப்பதில்லை.

மூடுபனி இறங்கி மின்சாரம் நின்றுவிட்ட மாலைகளில், அச்சிட்ட தாளின்மீது பென்சில் முனையால் புள்ளி வைத்துக்கொண்டு, உதடு அசைய, நூறு சொல்லுக்கு ஒரு மிளகு என மேசைமேல் எடுத்து வைத்து எண்ணும் அவரைக் காண்பவர்க்குக் கோபம் வராது. மறுநாள் கணினியின் கணக்கு மூன்று கூடுதலாக வந்தால், அவர் கணினிக்காக இரங்குவார்.

ஆயினும் காப்பித் தோட்டத்தில் பழத்தை எடை போடுவது கூலி கொடுப்பதற்காக. மொழிபெயர்ப்பாளர் சொல்லை எண்ணுவதும் அதற்காகவே. மலருக்கு எழுதுபவர்க்குக் கிடைப்பது ஒரு பிரதி, அதுவும் மூன்று முறை நினைவூட்டிய பின்னர். அப்பிரதியைப் புரட்டினால் கட்டுரை சரியாக 500 சொல்லில் அச்சாகியிருக்கும். எழுதியவரின் பெயர் 501ஆவது சொல்லாகிவிட்டதால் விடுபட்டிருக்கும்.