ஓடுகிற ஆன்லைன் கேமைக் காலி செய்வது எப்படி?

கம்பம் பள்ளத்தாக்கை வைத்து ஆன்லைன் ரோல்-பிளே கேம் செய்யப்போகும் தேனித் தம்பிகளே! முதல் வெளியீடு எப்படியும் ஓடிவிடும். அதைக் கெடுக்கத்தான் எக்ஸ்பான்ஷன்கள், அதாவது பின்னால் விற்கும் கூடுதல் பாகங்கள், இருக்கின்றன. வரிசையாக விடுங்கள்.

1. உழைப்பைச் செல்லாக்காசாக்குங்கள். நாற்பது பேர் மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு, மேகமலைப் பூதத்தைக் கொன்று வாங்கிய வாளா? லெவல் வரம்பை 60-லிருந்து 70 ஆக்குங்கள். குமுளி தாண்டியதும் எதிர்ப்படும் காட்டுப்பன்றி, அதற்கு ஈடான வாளைப் போட்டுவிட்டுச் சாகட்டும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2007-இல் ‘பர்னிங் குருசேட்’ மூலம் காட்டிய வழி.

2. பறக்க விடுங்கள். மயில் வாகனம் கொடுத்தால் வைகை அணையில் ஏறி சுருளி அருவியில் இறங்கலாம். சின்னமனூர் வாழைத்தோப்பில் பதுங்கியிருக்கும் எதிரி யாருக்காகப் பதுங்குவான்? வார்கிராஃப்ட் முதலில் புதுக் கண்டத்தில் மட்டும் பறக்கவிட்டது. 2010-இல் ‘கேட்டக்ளிசம்’ வந்தபோது பழைய கண்டங்களையும் திறந்துவிட்டது.

3. பேச்சை ஒழியுங்கள். சுருளிக் குகைக்கு வைத்தியர் வேண்டுமென்றால் ஆண்டிபட்டியில் நின்று கூவ வேண்டும். அப்படித்தான் நல்லவர் யார், பொருளைச் சுருட்டுகிறவர் யார் என்று சர்வருக்கே தெரியும். அதற்குப் பதில் தானே ஆள் சேர்க்கும் ஒரு பட்டன் வையுங்கள். வேறு சர்வர் ஆட்கள் நால்வர் வருவார்கள், வணக்கம்கூடச் சொல்லாமல் முடித்துவிட்டுப் போவார்கள். வார்கிராஃப்டில் இந்தப் பட்டன் வந்தது 2009 டிசம்பரில்.

4. எல்லாரையும் வீரனாக்குங்கள். போடி ஏலக்காய் வியாபாரியாகவே வாழ ஆசைப்படுபவர் உங்களுக்கு எதற்கு? ‘ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்’ 2005 நவம்பரில் ஓர் எக்ஸ்பான்ஷனை விற்ற இரண்டே வாரத்தில், முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்களை ஒன்பதாகச் சுருக்கியது. 2011 டிசம்பரில் கடையையே மூடியது.

5. பழி வருமோ என்று பயப்படாதீர்கள். நடை அலுப்பு, ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பியவர்கள் ஆடுபவர்களேதான். கேட்டதைக் கொடுத்தீர்கள், அலுப்போடு அக்கம்பக்கமும் போய்விட்டது.

6. கடைசியில் பழையதையே திரும்ப விற்றுவிடுங்கள். ரூன்ஸ்கேப் 2007 ஆகஸ்ட் பேக்கப்பைத் தூசிதட்டி 2013-இல் தனி கேமாக விட்டது. வார்கிராஃப்ட் 2019-இல் ‘கிளாசிக்’ என்று திறந்தது. நடந்தே போகும் அந்த உலகத்துக்குக் கூட்டம் வரிசையில் நின்றது.

ஆகவே தம்பிகளே, முதல் எக்ஸ்பான்ஷன் விடுகிற அன்று வேறு எதை மறந்தாலும், பேக்கப் எடுக்க மட்டும் மறந்துவிடாதீர்கள்.