ஹீட்டர் ஹோஸ் ஒழுகுகிறதா? கவலையை விடுங்கள்

பழைய மாருதி 800 வைத்திருக்கிறீர்கள். வண்டி நின்ற இடத்தில் பச்சையாகச் சின்னக் குட்டை ஒன்று தேங்குகிறது. ஹீட்டரை நீங்கள் போட்டதே இல்லை. ஆகவே ஹீட்டருக்குப் போகும் ஹோஸ் எக்கேடு கெட்டால் என்ன? இந்த நம்பிக்கையை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் குமிழைத் தொடாத வண்டியிலும் அந்த ஹோஸில் கொதிக்கும் கூலன்ட் அழுத்தத்தோடுதான் நிற்கிறது என்று யாராவது சொன்னால், பேச்சை மாற்றுங்கள்.

1. ஏசி தண்ணீர் என்று சொல்லுங்கள். ஏசி தண்ணீருக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. கூலன்ட் வழவழப்பாக இருக்கும், லேசாக இனிப்பு வாடை அடிக்கும். எனவே தொடாதீர்கள், முகராதீர்கள். வண்டியை இரண்டடி தள்ளி நிறுத்துங்கள். பழைய குட்டை யாருடையதோ ஆகிவிடும்.

2. தினமும் போர் தண்ணீர் ஊற்றுங்கள். எவ்வளவு உப்போ அவ்வளவு நல்லது. கூலன்ட் துருவைத் தடுக்கிறதாம், கொதிநிலையை ஏற்றுகிறதாம். அதற்கு விலை உண்டு. குழாய்த் தண்ணீருக்கு இல்லை.

3. மூடியைச் சூட்டோடு திறங்கள். உள்ளே 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருப்பது அழுத்தத்தால்தான். மூடி கழன்றதும் மொத்தமும் ஒரே நொடியில் கொதித்துப் பீறிடும். முகத்தை நேர் மேலே வைத்தால் நன்றாகத் தெரியும்.

4. கிளிப்பை முறுக்குங்கள். ஒழுக்கு நின்றதா? இன்னும் அரைச் சுற்று. மறுநாள் மறுபடி ஒழுகும். இன்னும் அரைச் சுற்று. ரப்பர் மரத்துப்போய் நுனியில் வெடித்திருப்பதை முறுக்கிச் சரிசெய்ய முடியாதுதான். ஆனால் தகடு ரப்பருக்குள் இறங்கி ஹோஸையே அறுக்கும்வரை திருப்புளியைக் கீழே வைக்கக் கூடாது. வெடிப்பு கடைசி அரை அங்குலத்தோடு நின்றிருந்து, ஹோஸில் நீளமும் மிச்சமிருந்தால், நுனியை வெட்டிவிட்டு மாட்டினாலே போதும். பத்து நிமிட வேலை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வீர்கள்?

5. கழற்றித்தான் ஆக வேண்டுமா? ஒட்டிப்போன ஹோஸை பிளேடால் நீளவாக்கில் கீறினால் வாழைப்பழத் தோல்போல் உரிந்து வந்துவிடும். கீறாதீர்கள். பிளையரால் கவ்வி, பல்லைக் கடித்துத் திருகுங்கள். அந்தப் பக்கம் இருப்பது ஹீட்டர் கோரின் மெல்லிய கழுத்து. அது நசுங்கினால் கோரை வெளியே எடுக்க டேஷ்போர்டில் பாதியைப் பிரிக்க வேண்டும். டேஷ்போர்டுக்குப் பின்னால் என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேறு எப்போது வாய்ப்புக் கிடைக்கும்?

6. கட்டுப் போடுங்கள். சைக்கிள் டியூப், அதன்மேல் கட்டுக்கம்பி, அதன்மேல் ஈரம் காயாமலே எம்-சீல். கூடவே ரேடியேட்டரில் ஒரு கை மஞ்சள்தூள். ஓட்டை எது, ரேடியேட்டரின் சன்னக் குழாய் எது என்று மஞ்சளுக்குத் தெரியாது. அது எல்லாவற்றையும் அடைக்கும்.

7. புது ஹோஸ்தான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயில் ஒரு முழம் வெட்டுங்கள். என்ஜின் சூட்டில் அது இளகும். இளகினால் எளிதாக வளையும் அல்லவா? கடை ஹோஸ் என்றால் கிரீஸ் தடவி ஏற்றுங்கள். சோப்புத் தண்ணீரே போதும், ஆனால் ரப்பரை ஊதவைக்கும் திறமை சோப்புக்கு ஏது? குழாய் விளிம்பில் புடைப்பு இருக்கிறதே, கிளிப்பை அதற்கு உட்புறமாக நிறுத்தாமல் அதன் தலைமேலேயே ஏற்றுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில மெக்கானிக்குகள் ஹீட்டரையே ஒதுக்கிவிட்டு, என்ஜின் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒரே நல்ல ஹோஸால் வளைத்து இணைத்துவிடுவார்கள். சமவெளியில் ஓடும் வண்டிக்கு இது பிழைப்பை ஓட்டும். எனவே நமக்கு ஆகாது.

8. இப்போது ஊட்டிக்குக் கிளம்புங்கள். மேட்டுப்பாளையம் வழி வேண்டாம்; மசினகுடியிலிருந்து கல்லட்டி ஏற்றம், 36 கொண்டை ஊசி வளைவுகள், முழு குடும்பம், ஏசி. வழியில் வெப்பமானி முள் ஏறும். அஞ்சாதீர்கள். சற்று நேரத்தில் தானே சரிந்து விழுந்தாலும் விழும். தண்ணீர் தீர்ந்து சென்சார் வெறும் ஆவியில் நிற்கும்போது முள் அப்படித்தான் ஏமாற்றும். வண்டி ஆறிவிட்டது என்று வீட்டாரிடம் அறிவித்துவிட்டு கியரைக் குறையுங்கள்.

9. சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறதா? ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். அலுமினிய ஹெட் வளைந்தும் இருக்கலாம். டோ வண்டி வரும், ஹெட் லேத்துக்குப் போகும், ஃபேஸிங் ஆகித் திரும்பும்.

10. எல்லாம் பூட்டியாயிற்று. சம்பளமும் கரைந்தாயிற்று. மெக்கானிக் கடைசியாக அந்தப் பழைய ஹோஸைத் தூக்கிக் காட்டி, "சார், இதையும் மாத்திரலாமா?" என்பார். முகத்தைச் சுளியுங்கள். "ஏம்பா, ஏற்கெனவே இவ்வளவு ஆயிருச்சு. கிளிப்பை நல்லா முறுக்கி விடு, அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்."