பதிவாளர்

எங்கள் ஊரான செஞ்சியில் இரண்டு பதிவாளர்கள். ஒருவர் ரிஜிஸ்டர் ஆபீசில் உட்கார்ந்து நிலம் கைமாறுவதைப் பதிவு செய்கிறவர். சர்க்கார் அவரைச் சார்பதிவாளர் என்கிறது. இன்னொருவர் எதையும் சாராதவர். மார்க்கெட் கமிட்டிக்குப் போகிற வழியில் உரக்கடை வைத்திருக்கிறார். யூரியாவுக்கும் பொட்டாஷுக்கும் பில் போடுகிற இடைவெளியில் செஞ்சிக் கோட்டையைப் பற்றி ஃபேஸ்புக்கில் பதிவு போடுகிறார். டீக்கடையில் "பதிவாளரைப் பார்த்தியா?" என்று கேட்டால் கை உரக்கடைப் பக்கம்தான் நீளும்.

ஆரம்பத்தில் நன்றாக எழுதினார். ஆகையால் யாரும் படிக்கவில்லை. கோட்டையில் ராஜகிரி மலையின் அடிவாரத்தில் தானியக் களஞ்சியம் இருக்கிறதே, அதன் சுவர் எத்தனை முழம் கனம், நெல்லை எந்த வழியாகக் கொட்டியிருப்பார்கள், ஈரம் ஏறாமல் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று ஒரு பதிவு. மூட்டை அடுக்கத் தெரிந்தவன், நெல் சேர்த்தவனைப் பற்றி எழுதிய எழுத்து. 9 லைக். அதில் இரண்டு அவருடைய மச்சான்கள். இன்னொன்று கைதவறி விழுந்தது என்று போட்டவனே என்னிடம் சொன்னான்.

அப்புறம்தான் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை, 499 ரூபாய். சமூக ஊடகத்தில் எழுதுவது எப்படி என்று கற்றுத்தருகிறார்களாம். நடத்தினவர் யார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் நேரில் போய் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

முதல் ஞாயிறு சொல்லிக்கொடுத்தது: மூன்று வரிக்குள் கொக்கி போட வேண்டும். ஃபேஸ்புக் கொஞ்சம் காட்டிவிட்டு 'மேலும் பார்க்க' என்று கதவை ஒருக்களித்து வைத்துவிடும். வெளியே நிற்கிறவன் தானாக உள்ளே வர வேண்டும். இதைப் பதிவோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். அன்று ராத்திரியே வீட்டு வாசலில் நின்று மனைவியிடம், "இன்னிக்கு நான் ஒண்ணை மறந்துட்டேன். அது இன்னான்னு தெரிஞ்சா நீ ஆடிப்போயிடுவே" என்றாராம். அந்தம்மா 'மேலும் பார்க்க' அழுத்தவே இல்லை. "தயிரு. போய் வாங்கினு வாங்க" என்று உள்ளே போய்விட்டார்கள்.

திண்டிவனத்துப் பெரியப்பா காலமானபோது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடும் பொறுப்பு இவருக்கு வந்தது. எழுதத் தெரிந்தவர் அல்லவா. 'விடியற்காலை நாலு மணி. பெரியப்பா கண்ணைத் திறந்தார். அதற்கப்புறம் அவர் செய்த காரியம் குடும்பத்தையே உலுக்கிவிட்டது.' செய்த காரியம் என்ன என்று கேட்டுப் பதினோரு பேர் போன் செய்தார்கள். சொத்தை யாருக்கோ எழுதிவைத்துவிட்டார் என்று நினைத்து மூன்று பேர் பஸ்ஸே ஏறிவிட்டார்கள். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பதை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு, ஒரு வரிக்கு ஒரு பத்தி. உரக்கடைக் கடன்காரர்களுக்குக்கூட அப்படித்தான் அனுப்பினார்.

'நீங்கள் எனக்கு ஒன்று தர வேண்டும்.

அது பணம் மட்டும் அல்ல.

நம்பிக்கை.'

மேல்மலையனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் சிவப்பு இதயம் அனுப்பினார். பணம் அனுப்பவில்லை.

மூன்றாவது ஞாயிறு கற்றதுதான் ஆபத்து. பதிவைக் கேள்வியில் முடிக்க வேண்டும், அப்போதுதான் ஆள் பேசுவான். 'இந்தக் கோட்டையைக் கட்டியது யார்?' என்று முடித்துவிட்டு மனுஷன் சாப்பிடப் போனார். ஆனந்தக் கோன் என்று ஒருவர் ஆரம்பித்தார். நாயக்கர் என்று இன்னொருவர். சிவாஜி 1677-ல் வந்து பிடித்ததைச் சொல்லி ஒருவர், பிடித்தவன் கட்டினவன் ஆவானா என்று ஒருவர். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் கோட்டையை விட்டுவிட்டு அவரவர் சாதிக்குப் போய்விட்டார்கள். அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் இந்தக் கோட்டையை முற்றுகை போட்டுப் பிடிக்க எட்டு வருஷம் ஆயிற்று. 1698-ல்தான் உள்ளே வர முடிந்தது. பதிவாளர் இரண்டே நாளில் சரணடைந்து கமென்ட்டைப் பூட்டினார்.

ரீல்ஸும் போட்டுப் பார்த்தார். ராஜகிரி எண்ணூறு அடி. "வணக்கம் நண்பர்களே" என்று உச்சியில் நின்று சொல்ல வேண்டும். ஒரு நிமிஷ ரீலில் நாற்பது வினாடி மூச்சு வாங்குவதுதான் கேட்கும். மைக்குக்குப் புசுபுசுவென்று ஒரு உறை வாங்கி மாட்டியிருந்தார். கோட்டைக் குரங்கு ஒன்று, காணாமல் போன தன் குட்டி என்று நினைத்ததோ என்னவோ, பறித்து மார்போடு அணைத்துக்கொண்டு மதில் மேல் ஏறிவிட்டது. அந்த ரீல்தான் இன்றுவரை அவருடைய ரீல்களில் அதிகம் பேர் பார்த்தது. அதில் சரித்திரம் ஒரு வரி கிடையாது.

இவ்வளவு கற்றும் அவரைத் தோற்கடிக்கிற ஆள் ஒருவன் இருக்கிறான். தேசிங்கு. தேஜ் சிங் என்ற அந்தப் பையன் இந்தக் கோட்டையை முழுசாக ஒரு வருஷம் ஆளவில்லை. 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதிச் செத்தான். கோட்டைக்கு அதற்கு முன்னால் பல நூறு வருஷம் உண்டு. ஆனால் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறி யாரைக் கேட்டாலும் "தேசிங்கு ராஜா கோட்டை"தான். ஏன்? கதைப்பாட்டுக்காரர்கள் அப்போதே அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பையும் முடித்திருந்தார்கள். இளவயசு ராஜா, அவனுடைய குதிரை, உயிரைக் கொடுக்கிற முஸ்லிம் தோழன், சிங்கவரத்து ரங்கநாதரே போகாதே என்று முகத்தைத் திருப்பிக்கொள்வது, கடைசியில் உடன்கட்டை ஏறும் ராணி. எதை விட வேண்டும், எங்கே நிறுத்தி உண்டியல் குலுக்க வேண்டும் என்று தெரு முனையில் நின்று பழகினவர்கள் அவர்கள். மீதி வேலையை 1960-ல் எம்.ஜி.ஆர். முடித்துவைத்தார். கப்பப் பாக்கித் தகராறுதான் ஆரம்பம் என்று பதிவாளர் எழுதினால் 12 லைக். குதிரை படம் போட்டால் இரண்டாயிரம்.

"சார், களஞ்சியம் கட்டினவன் பேரு ஒருத்தனுக்கும் தெரியல. நெல்லு போட்டவனை வுட்டுட்டு குதிரை ஓட்டினவனைப் புடிச்சினு இருக்கானுங்க" என்று என்னிடம் வந்து குமுறுவார். குமுறிவிட்டுக் கடைக்குப் போய்க் குதிரை படம்தான் போடுவார்.

16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த பிமென்டா என்ற சேசு சபைப் பாதிரியார், லிஸ்பனைத் தவிர்த்தால் போர்ச்சுகலில் இவ்வளவு பெரிய ஊர் இல்லை என்கிற அளவுக்குச் செஞ்சியைப் பார்த்து வியந்திருக்கிறார். நல்ல சங்கதி. பதிவாளர் தலைப்பு வைத்தார்: 'லிஸ்பனை மிரட்டிய செஞ்சி!' முதல் கமென்ட்: 'லிஸ்பன் எந்த மாவட்டம் அண்ணா?'

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர்களின் ராணுவ நிலப்பரப்பு என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்றே ஒன்று நம்முடையது. 'பதினோரு பேருக்கு நடுவில் தனி ஒருவன்!' என்று போட்டார். பாதிப் பேர் கிரிக்கெட் என்று நினைத்து ஸ்கோர் கேட்டார்கள்.

ஆறுதலுக்காக ஒருநாள் அவரிடம் ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். இதோ இருக்கிற பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர். 1736-லிருந்து 1761-ல் சாகும்வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, விலை ஏறியது, யார் யாரிடம் என்ன பேசினார்கள், எல்லாம். 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே ராத்திரியில் செஞ்சியைப் பிடித்தார்களே, அந்தக் காலமும் அதற்குள் வருகிறது. ஒரு கொக்கி கிடையாது. கேள்வியில் முடிக்கிற வழக்கம் கிடையாது. அந்தச் சுவடிகள் வெளியாள் கண்ணில் பட்டது 1846-ல், செத்து எண்பத்தைந்து வருஷம் கழித்து.

பதிவாளர் யோசித்தார். "தொடர்ந்து போட்டிருக்காரு சார், அது நல்ல பழக்கம். ஆனா ரீச் இல்லையே" என்றார்.

போன வாரம் என்ன நினைத்தாரோ, களஞ்சியத்தைப் பற்றி மறுபடியும் எழுதியிருக்கிறார். கொக்கி இல்லை, குதிரை இல்லை. பத்தி பத்தியாக, மூட்டை அடுக்கின மாதிரி. 14 லைக் வந்திருக்கிறது. இந்தத் தடவை கைதவறி விழுந்தது எதுவும் இல்லை என்று விசாரித்துவிட்டேன். இதைப் படிக்கிறவர்கள் கோட்டை பார்க்க வந்தால் உரக்கடையில் இரண்டு நிமிஷம் நின்று களஞ்சியத்தைப் பற்றிக் கேளுங்கள். வெறுங்கையோடு திரும்பாமல் ஒரு மூட்டை பொட்டாஷும் வாங்கிக்கொள்ளுங்கள். லைக்கைவிட அந்தம்மாவுக்கு அதுதான் சந்தோஷம்.