ஓடலும் ஓடல் நிமித்தமும்: செம்பனைத் திணைக்கு ஓர் இலக்கணம்

தொல்காப்பியர் நிலம் பகுத்தபோது செம்பனை அவர் கண்ணில் படவில்லை. பட வழியும் இல்லை. மலாயாவில் வணிகத்துக்கென்று முதல் செம்பனைத் தோட்டம் போடப்பட்டதே 1917இல்தான். கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் அதை நட்டவர் ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயா வாழ்வை வைத்து நாவல் எழுதி, 1930இல் கொன்கூர் பரிசும் வாங்கியவர். துரைமாருக்குள் அப்படியும் ஒருவர் இருந்திருக்கிறார்.

ஆகவே ஐந்திணைக்குப் பின் ஆறாவதாகச் செம்பனைத் திணையைச் சேர்த்தே தீர வேண்டும். இதன் உரிப்பொருள் ஓடலும் ஓடல் நிமித்தமும் என்பது இக்கட்டுரையின் துணிபு. இதில் ஓடலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அரை மணியில் முடிந்துவிடும். நிமித்தம்தான் முந்தின இரவே தொடங்கி, மறுநாள் துவைத்துக் காயப்போடுவது வரை நீள்கிறது.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம், மழைக்குக் களியாகவும் வெயிலுக்குப் புழுதியாகவும் மாறும் செம்மண் தடம். பொழுது சற்றுச் சிக்கலானது. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி முன்னே தள்ளிவைக்கப்பட்டன. சூரியனுக்கு அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை. அது இன்றும் ஏழு மணியை ஒட்டியோ தாண்டியோதான் எழுகிறது. உச்சிக்கு வர ஏறக்குறைய ஒன்றேகால் ஆகிறது. எனவே வேலைக்குப் போகுமுன் ஓடிவிட நினைப்பவர் கும்மிருட்டில்தான் ஓடியாக வேண்டும். விளையாட்டுப் பொருள் கடையில் இதற்கென்றே நெற்றி விளக்கு விற்கிறார்கள். மலையேறிகளுக்காகக் கண்டுபிடித்ததுபோல விளம்பரம் வேறு. தோட்டத்தில் பால்மரம் சீவப் போனவர்கள் எந்த விளம்பரமும் இல்லாமல் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கொசுவர்த்திச் சுருள் புகைய, இதே இருட்டில் நிரை நிரையாக நடந்தார்கள். அதற்கு முன் பெரட்டு என்ற காலை ஆள்கணக்குக்கு ஓடிய ஓட்டம் தனி. பிந்தினால் அன்றைக்குப் பேர் இல்லை. ஓட்டக் கருவியியலின் மூலவர் யார் என்ற கேள்விக்கு இத்துடன் பாதி விடை கிடைத்துவிடுகிறது.

கருப்பொருளுக்கு வருவோம். தெய்வம், எல்லையில் நிற்கும் முனீஸ்வரர். மரம் சொல்லியாயிற்று. புள், கூகை. எலியை ஒழிக்கக் கம்பங்களின் மேல் மரப்பெட்டி வைத்துத் தோட்டங்கள் கூகை வளர்க்கின்றன. ஐந்தே முக்காலுக்கு ஒரு பெட்டியின் அடியில் ஓடும்போது மேலிருந்து கிறீச்சென்று ஒரு கத்தல் வரும். கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பு அந்த இடத்தில் எகிறினால் அதை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மா இருவகைப்படும்: துரத்துவன, பறிப்பன. துரத்துவது நாய். லயத்து நாய்க்கு ஓடுகிறவனைத் தெரியும், நடக்கிறவனையும் தெரியும். இறுக்கமான உடுப்போடு இரண்டுக்கும் நடுவில் தத்தளிப்பவனைத்தான் அது மன்னிப்பதில்லை. வழியில் ஒரு சிறு குச்சி கிடந்தால் போதும். அடிக்க வேண்டியதில்லை, குனிந்து எடுத்தாலே பாதி நாய்கள் திரும்பிவிடும். பறிப்பது குரங்கு, அதன் தலைமையகம் கோல சிலாங்கூரின் புக்கிட் மலாவத்தி. 1784இல் டச்சுக்காரர் பிடித்து, மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் மீட்ட கோட்டைக் குன்று அது. 1907இல் எழுந்த கலங்கரை விளக்கமும் அங்கேதான் நிற்கிறது. மேடேறிப் பயிற்சி செய்ய இந்த வட்டாரத்தில் வேறு நல்ல குன்று கிடையாது. அங்குள்ள வெள்ளி மந்திகள் சாது. நீள்வால் குரங்குகள் அப்படியல்ல. கையில் வாழைப்பழத்தோடு அங்கு ஓடுவது பயிற்சி ஆகாது, தானம்.

உணா, மைலோ. 1934இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் மேய்ன் உருவாக்கிய பானம். பெயர் வந்தது பண்டைய கிரேக்க மல்லன் மைலோவிடமிருந்து. கன்றுக்குட்டியை நாள்தோறும் தூக்கி, அது காளையான பிறகும் அவன் தூக்கினான் என்பது கதை. பள்ளி விளையாட்டு நாளில் மைலோ வண்டி திடலுக்குள் நுழைந்ததும் பந்தயக் கோட்டில் நிற்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் திசை மாறுவது எல்லாரும் கண்டதுதான். மருந்து, கோடாலித் தைலம். ஓடுமுன் கெண்டைக்காலில், ஓடியபின் நெற்றியில். ஓடாதவர்களும் இதே முறையில் பூசிக்கொள்வதால் இதை ஓட்டக் கருவியாகக் கொள்ளலாமா என்பது ஐயத்துக்குரியது.

இனிச் சப்பாத்து. இந்த இலக்கணத்தின் நெஞ்சுப் பகுதி இது.

முதலில் மறுதரப்பு வாதம்: சப்பாத்தே வேண்டாம். 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலில் ஓடி வென்றார். அதே ஒலிம்பிக்கில் மலாயாவுக்காக ஓடிய எம். ஜெகதீசனுக்கு அப்போது வயது 16. அவரே 1968இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடி வைத்த தேசியச் சாதனை ஏறத்தாழ அரை நூற்றாண்டு அசையாமல் நின்றது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளித் திடல்களில் சுண்ணாம்புக் கோட்டுக்கு நடுவே வெறுங்காலோடு ஓடிய பிள்ளைகளுக்கு பிகிலா போதுமான சான்று, ஜெகதீசன் போதுமான கனவு. வீட்டிலிருந்த ஒரே ஜோடி வெள்ளைச் சப்பாத்து திங்கட்கிழமைக்கானது. ஞாயிறன்று தேய்த்துக் கழுவி, வெள்ளை பூசி, மஞ்சள் படியாமலிருக்க மேலே காகிதம் சுற்றிக் காயவைத்ததை ஓடி அழுக்காக்க எந்த அம்மா விடுவார்? 2021இலிருந்து பள்ளிச் சப்பாத்து கறுப்பாகிவிட்டது. அந்தக் கலையும் அதோடு போயிற்று.

ஆனால் செம்பனைக் காட்டில் வெறுங்கால் வாதம் நிற்காது. வெட்டிப்போட்ட மட்டையின் முள் ஒன்று போதும். இங்கேதான் கம்போங் அடிடாஸ் வருகிறது. மூன்று கோட்டு ஜெர்மன் நிறுவனத்துக்கும் இதற்கும் சட்டப்படி ஓர் உறவும் இல்லை. ஒரே அச்சில் வார்த்த கறுப்பு ரப்பர். நாடா கிடையாது, உள்துணி கிடையாது. அடியில் குமிழ் குமிழாகப் பிடிமானம். விலை இருபது வெள்ளிக்குள் அடங்கும். பால்மரம் சீவியவர்களின் காலில் இருந்த இதுதான் கினபாலு மலையில் சுமை தூக்குவோர் காலுக்கும், காட்டோட்டப் பந்தயக்காரர் காலுக்கும் போனது. அமெரிக்கப் பயிற்றுநர் பில் பவர்மன் 1971இல் மனைவியின் வாஃபிள் அச்சைப் பாழாக்கித்தான் குமிழ் அடியைக் கண்டடைந்தார். தோட்டத்து மளிகைக் கடையில் யார் வீட்டுப் பாத்திரமும் பாழாகாமல் அது கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

குறை இல்லாமல் இல்லை. வியர்வை வெளியேறாது. பின்விளிம்பு குதிகாலை அறுக்கும். தடத்தில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் பாதத்துக்குத் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்.

எனவே தீர்ப்பு இது. மழை பெய்த தோட்டப் பாதைக்கும் தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல் வரப்புக்கும் கம்போங் அடிடாஸை எந்த விலையுயர்ந்த சப்பாத்தும் வெல்லாது. தார்ச்சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் அதைப் போட்டு ஓடுவது காலுக்குச் செய்யும் துரோகம். வாங்கப் போகிறவர் முழங்கால் வரை வரும் கால்பந்துக் காலுறையையும் கையோடு கொண்டுபோய், அதை மாட்டியபடியே அளவு பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.