ஆராய்ச்சித் தம்பி

ஆகஸ்ட் பிறந்தால் மதுரைக்கு ஒரு ஆராய்ச்சித் தம்பி வந்து இறங்குவார். மே மாதம் அமெரிக்காவில் பட்டம் வாங்கி, மை காய்வதற்குள் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் விமானம் ஏறியவர். இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய தளவாடங்களை வெளிநாடுகளில் விற்ற காசில் மாணவர்களை நாடு மாற்றிப் படிக்க வைக்கலாம் என்று செனட்டர் ஃபுல்பிரைட் கொண்டுவந்த சட்டம் 1946-ஆம் ஆண்டினது. 1950-ல் இந்தியாவோடும் ஒப்பந்தமானது. இன்று அது கதர் ஜிப்பாவும் ஜோல்னாப் பையுமாக மேலமாசி வீதியில் நடக்கிறது. வீதியில் ஜிப்பா போட்டவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் 'நியூயார்க்' என்று எழுதிய டீ-ஷர்ட்டில் இருக்கிறார்கள்.

உதவித்தொகை ஒன்பது மாதத்துக்கு. ஊருக்குப் போய் அதை ஒரு வருஷம் என்பார்.

வரும்போது தலைப்பு பெரிது: 'தென்னிந்திய நகரங்களில் பொதுவெளியும் நவீனத்துவமும்'. 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு முடிக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை ஸ்கேன் செய்து ஏற்றி, அது திரும்பி வந்து, மறுபடி ஏற்றுவதற்குள் தென்னிந்தியா மதுரையாகச் சுருங்கிவிடும். தீபாவளிக்குள் மதுரை ஒரு தெருவாகும். டிசம்பரில் பிஎச்.டி. விண்ணப்பங்களுக்குக் கடைசித் தேதி; கழிந்த நாலு மாதத்தை 'ஆழ்ந்த களப்பணி' என்று எழுதி அனுப்புவார். (பொய்யில்லை. வயிற்றுப்போக்கும் களத்தில் வந்ததுதானே.) பொங்கல் முடிந்தால் கைவசம் ஒரு டீக்கடைதான்.

தமிழ் மட்டும் வளரும். வந்த புதிதில், "ஐயா, தங்களுடன் சற்று உரையாட இயலுமா?" என்பார். ஆட்டோக்காரர் பட்டிமன்ற மேடையில் ஏற்றிவிட்டதுபோல் நிமிர்ந்து உட்காருவார். மாசிக்குள் "அண்ணே, ஒரு டீ, சீனி கம்மி" வந்துவிடும்.

அவரிடம் வினாப்பட்டியல் உண்டு. வீட்டுக்காரம்மாவிடம் அதைவிடத் தேர்ந்த பட்டியல் உண்டு: அப்பாவுக்கு என்ன வேலை, கூடப் பிறந்தவங்க எத்தனை பேரு, கல்யாணம் எப்ப, இதுக்கெல்லாம் யாரு காசு குடுக்குறா, இதைப் படிச்சா என்ன உத்தியோகம் கிடைக்கும்? கடைசிக் கேள்விக்கு அவர் பெற்ற தாயிடமே இன்னும் பதில் சொல்லவில்லை.

போன வருஷத்துத் தம்பி, டீக்கடை அண்ணனிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டியபோது நானும் பெஞ்சில் இருந்தேன்.

"கையெழுத்தா? தம்பி, கடை என் மச்சினன் பேர்ல இருக்கு."

"இல்லண்ணே, நீங்க பேசச் சம்மதம்னு..."

"பேசுறதுக்கு எதுக்குப்பா சம்மதம்? இம்புட்டு நேரம் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்?"

கைத்துண்டில் விரலைத் துடைத்துக்கொண்டு போட்டார். படிவத்தின் ஓரத்தில் டிகாக்‌ஷன் வட்டம் ஒன்றும் விழுந்தது.

"கவலப்படாதீங்கண்ணே. உங்க பேர எங்கயும் சொல்ல மாட்டேன். வேற பேரு போட்டுருவேன்."

பாய்லர் பக்கம் திரும்பியவர் நின்றார். "என்ன பேரு?"

"முருகன்."

"முருகனா? அது எதுத்த கடைக்காரன் பேரு தம்பி! தொண்ட வறளப் பேசுனது நானு, புஸ்தகத்துல பேரு வாங்குறது அவனா?"